சாந்தாமணியின் சிரிப்பு

காரமடையில் நாத்தனார் வீட்டுத் துக்கத்துக்குப் போன இடத்தில்தான் சாந்தாமணிக்கு அந்தச் சிரிப்பு வந்தது. கூடத்தில் நாத்தனாரின் கணவர் அப்புசாமியைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் நாத்தனார் ராசாத்தாள் அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளக் குனிந்த சாந்தாமணியிடமிருந்து முதலில் ஒரு கேவல்தான் வந்தது. அது அப்படியே சிரிப்பாகத் திரும்பியது. வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் இன்னும் சத்தமாகப் பீறிட்டது. சுற்றியிருந்த பெண்களின் ஒப்பாரி நின்றுபோனது.

"என்ற தாலி எறங்குறது உனக்குச் சிரிப்பாத் தெரியுதா?" என்றாள் ராசாத்தாள்.

பதில் சொல்லச் சாந்தாமணிக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. சில மாதங்களாகவே பேச்சு குழறிக்கொண்டிருந்தது. கணவர் தனபால் அவளைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிப்போனார். காரில் ஏறிய பிறகும் சிரித்தாள். உள்ளே ஒரு துளி சந்தோஷம் இல்லை. தன் வாயை வேறு யாரோ பிடித்து ஆட்டுவதுபோல் இருந்தது.

அவளுக்கு மோட்டார் நியூரான் நோய் என்று முந்தைய மாதமே தெரிந்துவிட்டது. தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், குணமாக்க முடியாது என்று டாக்டர் நவ்யா சொல்லியிருந்தார். மகள் வர்ஷினிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். தனபால் சொந்தத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மறுபடி கோவைக்குப் போய் டாக்டரிடம் சிரிப்பைப் பற்றிச் சொன்னார்கள்.

"அது நீங்க சிரிக்கறது இல்லீங்கம்மா. சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வெக்கற நரம்பு தளர்ந்துபோச்சு. மாத்திரை தாரேன், கொறையும். ஆனா சாப்பிடும்போது வந்தா ஆபத்துங்க. நிமிர்ந்து உக்காந்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி முழுங்கோணும். தண்ணியில இந்தப் பொடியைக் கலந்து கெட்டியாக் குடிங்க." பிறகு தயங்கிச் சொன்னார்: "வயித்துல ட்யூப் வெக்கறதைத் தள்ளிப்போடாதீங்க. மூச்சுல தெம்பு இருக்கறப்பவே செஞ்சுபோடோணும்."

சாந்தாமணி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். வாயால் சாப்பிடுவதையும் விட்டுவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவளுக்குத் தோன்றியது.

ராசாத்தாள் தம்பி தனபாலின் போனை எடுக்கவே இல்லை. காரியங்கள் முடிந்தபின், ஒரு மத்தியானம், கருமத்தம்பட்டி வீட்டுக்கு அவளே வந்தாள். சாந்தாமணி குழைந்த பருப்புசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்ற பொண்டாட்டி எதுக்குச் சிரிச்சான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள் தனபாலிடம்.

நாத்தனார் முகத்தைப் பார்த்ததும் சாந்தாமணிக்கு அழுகை முட்டியது. வந்தது சிரிப்பு. வாயில் சோறு இருந்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. முகம் கறுத்தது. தனபால் எழுந்தார், ஆனால் கை கால் ஓடவில்லை. ராசாத்தாள்தான் பாய்ந்து வந்து அவளை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். சோற்றுக் கவளம் வெளியே விழுந்தது. மூச்சு திரும்பியதும் மறுபடி சிரிப்பு. ராசாத்தாள் அதைக் கிட்டத்தில் பார்த்தாள். வாய் சிரித்தது. கண்கள் பயத்தில் பிதுங்கி நீராய்க் கொட்டின.

"தம்பி, இவளுக்கு என்னடா? மறைக்காமச் சொல்லு."

தனபால் எல்லாவற்றையும் சொன்னார். ராசாத்தாள் சாந்தாமணியின் கையை விடவே இல்லை.

"அம்மணி, மொதல்லயே தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தை கேட்டிருப்பனா?"

சாந்தாமணி தட்டைத் தள்ளிவைத்தாள். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ட்யூப் வைத்துக்கொள்ளலாம் என்பது தனபாலுக்குப் புரிந்தது.

ட்யூப் வைத்தார்கள். கஞ்சியும் பாலும் அதன் வழியாகவே இறங்கின. ஊற்றுவதற்கு ராசாத்தாளும் கற்றுக்கொண்டாள். மாத்திரையில் சிரிப்பும் அடங்கியது. உடம்பு ஒரு சுற்றுத் தேறியது. வர்ஷினிக்கு நிச்சயமும் ஆனது. இனிப் பயமில்லை என்று தனபால் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டார்: "காலையில எந்திரிச்சதும் தலைவலி இருக்குங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லாத் தூங்கறா" என்றார் தனபால்.

சாந்தாமணி மெல்லக் கையைத் தூக்கினாள். கொஞ்ச நாளாகவே விடியும்போது மண்டை பிளந்தது. இப்போதுதான் முகம் தெளிந்த வீட்டை மறுபடி கலங்கடிக்க மனம் வராமல் அதுவரை மறைத்திருந்தாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "மூச்சு இழுக்கற தசையும் தளர ஆரம்பிச்சிருச்சு. தூக்கத்துல மூச்சு பத்தலீங்க. மூச்சுக்கு மாஸ்க் மெஷின் இன்னைக்கே ஏற்பாடு பண்ணிரலாம்."

"அதை வெச்சாச் செரியாயிருமுங்களா?"

"தலைவலி கொறையுமுங்க" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

தனபால் நிம்மதியாகத் தலையாட்டினார். சாந்தாமணி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.