கல்லுக்கு ஓர் இடம்

ரைத்தாவின் குலம் சிறியது. பாலை வழியில் ஒரு கிணறும் சில கூடாரங்களும்தான் அவர்கள் சொத்து. சண்டையே கூடாத புனித மாதம் பிறந்ததும், அவள் தங்கள் தெய்வக்கல்லையும் விற்பதற்கான தோல்களையும் ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு சந்தை நகரத்துக்கு வந்தாள். கோயில் முற்றத்தில் தெய்வத்தை நிறுத்திய குலங்களுக்கு மட்டுமே சந்தையில் கடை போட இடம் கிடைக்கும்.

கோயில் காவலர் உசைத் கல்லைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, மாவரைக்கிற கல்லு மாதிரி இருக்கு? இங்க நிக்கிற சாமியெல்லாம் ஆள் உயரம்."

"நாங்க ஓரிடத்துல நிக்கிறவங்க இல்ல பெரியவரே. எங்ககூடவே வர்ற சாமி இவ்வளவுதான் இருக்கும்."

"அப்ப கூடவே கூட்டிட்டுப் போ."

ரைத்தா கெஞ்சவில்லை. கல்லைக் கம்பளியில் சுற்றி மறுபடி ஒட்டகத்தில் ஏற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த தென்னாட்டுச் சாம்பிராணி வணிகர் ஷம்மர், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த தம் ஆட்களை நிறுத்தினார்.

"இவங்க கிணத்துத் தண்ணி இல்லேன்னா என் ஒட்டகம் ஒண்ணுகூட இங்க வந்திருக்காது. இவங்க சாமிக்கு இடமில்லாத ஊர்ல என் சரக்குக்கு மட்டும் என்ன இடம்? ஏத்துங்கடா."

உசைத்தின் முகம் மாறியது; கோயிலில் புகைவதே ஷம்மரின் சாம்பிராணிதான். முற்றத்தின் கிழக்கு மூலையில் தாமே மணலைக் கூட்டித் தள்ளினார்.

"உனக்கு ரோஷம் ஜாஸ்திதான். கொண்டா, நான் வைக்கிறேன்" என்று கை நீட்டினார்.

"வேணாம். இவ்வளவு தூரம் நாங்கதானே சுமந்தோம்."

ஆளுயரத் தெய்வங்களுக்கு நடுவே ரைத்தா நிமிர்ந்து நடந்து, கல்லைத் தன் கையாலேயே நிறுத்தினாள்.