வலையில் வந்த குதிரை

போன கார்த்திகையில் வந்த புயல், முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்த எங்கள் சிறுவர் பூங்காவை ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. கரையோரம் நடக்கப் போட்டிருந்த பலகைப் பாதையில் பாதி கடலுக்குள். சறுக்குமரம் தென்னைக்குக் கீழே குப்புறக் கிடந்தது. என் ராட்டினத்தின் ஆறு குதிரைகளில் ஐந்துதான் மிச்சம். ஆறாவதை, நீலக் குதிரையை, கடல் கொண்டுபோய்விட்டது.

ஒரு குதிரை குறைந்தால் ராட்டினம் ஒரு பக்கம் சாயும். என் மனுசன் கிருபன் அந்த இடத்தில் மண் மூட்டையைக் கட்டி, ராட்டினத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் மூட்டை கிழிந்து மண் முழுக்க அவர் தலையில். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு ராட்டினம் ஓடாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று இடம் தந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

பங்குனியில் கடல் அடங்கியதும் வலை முதலாளியான வீரபாகு சம்மாட்டி தன் கரைவலையைப் போட்டார். அன்று இழுக்க ஆள் குறைவு. சும்மா நின்ற என்னைப் பார்த்து, "தர்மிளா, கை இருந்தா கயிறைப் பிடி" என்றார். அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பிடித்தேன். கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். வழியில் போனவர் என்றாலும், தன் இரண்டு கையால் தூக்கக்கூடிய ஒன்றை விரும்பி எடுக்கலாம்.

வலை கனத்தது. பாரைக் கூட்டம் என்று சம்மாட்டிக்கு வாயெல்லாம் பல். மீன் சேரும் மடி கரையேறியபோது மீன்களுக்கு நடுவே, பாசி பிடித்து, ஒரு காது உடைந்து, என் நீலக் குதிரை கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சம்மாட்டிக்கும் வந்திருக்கும். குதிரையின் கால் மடியை இரண்டு முழத்துக்குக் கிழித்து, பாதி மீன் போய்விட்டது.

"அது என்ர குதிரை, ஐயா."

"வலையில வந்தது வலையின்ர. கிழிஞ்ச மடிக்கு ஈடா வீட்டு முத்தத்தில வைப்பன். பேரன் ஏறி விளையாடட்டும்."

"அப்ப என்ர பங்கைத் தாங்கோ. நானும் கயிறு பிடிச்சனான்."

"ஆர் இல்லையெண்டது? நல்ல பாரையாப் பாத்து எடு."

"எனக்கு இந்தக் குதிரைதான் வேணும்."

வலைக்காரர்கள் சிரித்தார்கள். சம்மாட்டி சிரிக்கவில்லை. "சரி. ரெண்டு கையால தூக்கு. தூக்கினா உன்ர."

கட்டிப்பிடித்துத் தூக்கினேன். அசையவே இல்லை. உள்ளே வெறும் கோதாக இருக்கவேண்டிய குதிரைக்குள் நாலு மாதக் கடல் மண் இறுகிக் கிடந்தது. கிருபன் ஓடி வந்தார். "நீ கயிறு பிடிக்கேல்லை, தம்பி" என்று சம்மாட்டி அவரைத் தள்ளி நிற்க வைத்தார்.

வெறும் குதிரையின் பாரம் எனக்குத் தெரியும். வருடா வருடம் வர்ணம் அடிக்க அதைக் கழற்றி இறக்குவது நான்தான். குதிரையைப் புரட்டி, வயிற்றில் கம்பி போகும் ஓட்டைக்குள் கையை விட்டு மண்ணைத் தோண்டினேன். மற்றவர்கள் மீனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சம்மாட்டி மட்டும் கிழிந்த மடியைப் பொத்தித் தைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தார். கடைசியாக ஒரு நண்டு என் விரலைக் கவ்விக்கொண்டு வந்தது.

"அதுவும் உன்ர பங்குதான்" என்றார்.

உச்சி வெயிலில் குதிரையை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எழும்பினேன். அவர் தனக்கென்று வைத்திருந்த ஒரு பாரையை எடுத்து, "கறிக்கு" என்று கிருபனிடம் நீட்டினார்.

வருடப் பிறப்பன்று பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆனால் புயலில் உப்புத் தண்ணீர் குடித்த ராட்டின மோட்டர், வவுனியாவில் திருத்தக் கொடுத்தது, இன்னும் வரவில்லை. நான் தலையில் கை வைத்து நிற்க, சம்மாட்டி தன் ஆட்களோடு வந்தார். ராட்டினத்தில் வலைக்கயிற்றைக் கட்டி, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டோடு சுற்றிச் சுற்றி இழுத்தார்கள். ராட்டினம் துளியும் சாயவில்லை. அன்று என்னைவிடச் சந்தோசமான ஆள் அந்தக் கரையில் இல்லை.

பின்னேரம் பிள்ளைகள் போனதும் சம்மாட்டி என் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, நான் கயிறு பிடிச்சனான்" என்று நீலக் குதிரையைக் காட்டினார்.

"ஏறுங்கோ, ஐயா."

ஏறினார். ராட்டினம் அந்தப் பக்கம் சரிந்தது. எதிர்ப்பக்கக் குதிரையில் கிருபனை ஏற்றிவிட்டு, கயிற்றை நான் பிடித்தேன்.