ஏழு லீவர் பூட்டு

நான் மூன்று வருடம் உழைத்துச் செய்த பூட்டை, அத்தான் அக்காவின் கொண்டை ஊசியால் திறந்தார். என் கடைத் திறப்பு நாள் அது. சுற்றி நாற்பது பேர். அவர் இடது கையில் தேநீர்க் கோப்பை அப்படியே இருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கு மாப்ளே. பிஸ்கட் டப்பாவுக்குப் போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என் பட்டறைக்கு அடியில் ஜன்னல் இல்லாத நிலவறை ஒன்று உண்டு. அதன் கதவின் உட்பக்கத்தில் புதிய பூட்டு ஒன்றைப் பதித்தேன். அதற்குள் சாவி தூக்கும் தகடுகளாக ஏழு லீவர்கள். அவை நகர்த்த வேண்டிய தாழ் மட்டும் கிடையாது. கைப்பிடியைத் திருகித் தள்ளினால் கதவு திறந்துவிடும். ஆனால் பூட்டு விடுபடும் சத்தம் கேட்காமல் கைப்பிடியைத் தொடுபவன் திருடன் என்பது பூட்டுக்காரரான அத்தானின் தொழில் விதி. தூக்கத்திலும் மீற மாட்டார்.

"நான் செஞ்சதுலயே பெரிய பூட்டு அத்தான். உள்ளே இருந்து திறக்கணும்."

"விளக்கைக் கொடு," என்று பூட்டுத் திறக்கும் கம்பிக்கட்டோடு உள்ளே போனார். கதவைச் சாத்திவிட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மாலையில் கேட்டேன். "முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. விட்டுடறேன்."

"போய்ச் சாப்பிடுடா."

மறுநாள் அக்கா தேடி வந்தாள். அவளுக்குப் பூட்டுத் தொழில் தெரியாது. கைப்பிடியைத் திருகி இழுத்தாள். பூட்டில் ஒட்டியிருந்த அத்தானின் காது அந்தரத்தில் நின்றது.

"என்னங்க இது? திறந்துதானே இருக்கு!"

"கதவு திறந்திருக்கு," என்றார் அத்தான். "பூட்டு திறக்கலையே. மூடு."

"உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா?" என்றபடி அவள் மூடினாள். பிறகு சோறு கொண்டுவரப் போனாள்.

ஒன்பது மாதம் ஆகிறது. அத்தான் வெளியே வரவில்லை. சோறு உள்ளே போகிறது, தட்டு திரும்பி வருகிறது. போன வாரம் இருமல் ஆரம்பித்தது. நேற்று இறங்கிப் பார்த்த டாக்டர், இந்த ஈரத்தில் இன்னும் ஒரு மாதம் தாங்க மாட்டார் என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ செஞ்ச பூட்டுதானேடா. எதையாவது சொல்லி வெளியே கொண்டா."

சொல்வதற்கு ஒன்றுதான் உண்டு. உள்ளே தாழ் இல்லை. அதாவது, அவரால் திறக்க முடியாத பூட்டை எனக்குச் செய்யத் தெரியவில்லை. அன்று சிரித்த நாற்பது பேரும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

இருந்தாலும் இன்று காலை இறங்கினேன். கைப்பிடியில் கையும் வைத்தேன். உள்ளே கம்பி சுரண்டுவது நின்றது.

"என்ன மாப்ளே," இருமலுக்கு நடுவே குரல் வந்தது, "சொல்லிக் கொடுக்க வந்தியா?"

"இல்ல அத்தான்," என்றேன். "பூட்டுக்கு எண்ணெய் வேணுமான்னு கேக்க வந்தேன்."