பச்சை மரத்துக் கப்பல்

தான் கட்டிய ஒரே கப்பல் ரோமானியரின் ஐந்நூறு கப்பல்களையும் கிழித்துப் போட்டதாக அலெக்சாந்திரியத் துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தான் பப்னூத்தே. அது பொய். கிழித்தது நாற்பதுதான், மற்றவை பயத்தில் தாமாகவே மூழ்கின.

பப்னூத்தே எகிப்தின் பழங்குடிக் கிறிஸ்தவரான கிப்தியரில் ஒரு கப்பல் தச்சன். அவன் தம்பி பிஜிமியைத் துடுப்பு வலிக்கப் பிடித்துப்போன ரோமானியத் தலைவன் லியோந்தியோஸ், காய்ச்சலில் படுத்தவனை உயிரோடு கடலில் வீசிவிட்டான். அந்தத் தலைவனைத் தன் கையால் கொல்வதற்கென்றே பப்னூத்தே, மரம் செதுக்கும் வாய்ச்சி ஒன்றைத் தீட்டி வைத்திருந்தான். எகிப்தை ஆண்ட அரபு ஆளுநர் ரோமானியரோடு போரிடக் கடற்படைக்குத் தச்சர்களைத் தேடியபோது முதலில் போய் நின்றவன் அவன்தான்.

கருவேல மரத்தை வெட்டினால் இரண்டு கோடை காயவிடுவது அந்தத் துறையின் வழக்கம். பழிவாங்கும் அவசரத்தில் பப்னூத்தே, தம்பி வீட்டு வாசல் மரத்தைப் பச்சையாகவே அறுத்து ஆணி அடித்தான். அந்த ஒரே மரத்தில் முழுக் கப்பலும் வந்தது. மிச்சத்தில் ஒரு படகும். ரோமானியர் காத்திருந்த லிக்கியக் கரையை எட்டுவதற்குள் கப்பல் துளிர்த்து, மஞ்சளாகப் பூத்து, விரல் நீளம் முள்விட்டது. உணவுக்கு ஏற்றிய ஆடுகள் பாய்மரத்தை மேய்ந்தன. இரு தரப்பும் கப்பல்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போரிடத் தொடங்கியதும், கிளைகள் எதிரிகளின் பலகைகளைத் துளைத்துப் போயின. ஒரு கிளை லியோந்தியோஸைத் தேடிப் பிடித்துப் பட்டு அங்கியோடு உச்சியில் மாட்டியது.

ஊர் திரும்பிய கப்பல் துறைமுகத்திலேயே வேர்விட்டது. பிசின் சொட்டுச் சொட்டாக வாயில் விழுந்து லியோந்தியோஸைச் சாகவிடாமல் காத்தது. கொன்றுவிடு என்று அவன் மேலிருந்து கெஞ்சினான். செத்தால் தீர்ந்துபோகுமே என்று பப்னூத்தே வாய்ச்சியைத் தூர எறிந்துவிட்டு, மத்தியானந்தோறும் மரத்தடியில் மீன் சுட்டுத் தின்றான். புகை நேராக மேலே போகும்படி விசிறியும் விட்டான்.

ஹுமைத் மட்டும் நம்பவில்லை. அதே கப்பலில் போன யமன் நாட்டு வில்லாளி அவன். கடல் ஒவ்வாமல் போர் முழுக்க அடித்தட்டில் வாளிக்குள் முகம் வைத்துக் கிடந்து, கண்ணை மூடியபடியே கரையேறியவன். மேலே கேட்கும் அழுகை கடற்காகம் என்றான்.

"ஏம்ப்பா தச்சா, மணல்ல பொறந்தவன்னா எதைச் சொன்னாலும் கேட்டுக்குவேன்னு நெனச்சியா? கரையில நிக்கிற மரத்தைக் காட்டிக் கப்பல்ங்கிற."

"ஏறிப் பாருங்க வில்லாளி. அங்க ஒண்ணும் அலை அடிக்காது, வாளி வேணாம்."

ஹுமைத் ஏறினான். வெகுநேரம் கழித்துக் கையெல்லாம் கீறலோடு இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு மீனை எடுத்துக் கடித்தான்.

"நடந்ததுதான், தச்சா," என்றான். "ஆனா நீ குறைச்சுல்ல சொல்லியிருக்க. அவன் தாடியில குருவி முட்டை போட்டிருக்கே."