இரண்டு கார்டுகளும் ஒரு பழைய ஆறும்

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் சபிஹாவின் கம்ப்யூட்டர் கடை இருந்தது. அங்கே கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேம் ஆடுகிற கல்லூரிப் பையன்கள், இல்லையென்றால் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது படியேறி வரும் தோரணையிலேயே சபிஹாவுக்குத் தெரிந்துவிடும். கணவர் உபைதுல்லாவும் அவளும் சேர்ந்து திறந்த கடை. அவர் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போன பிறகு அவள்தான் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். தான் இருந்தபோது நடந்ததைவிட இப்போது வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அவரே போனில் ஒப்புக்கொள்வார்.

அந்தச் சித்திரையில் வந்த பூவிழி மட்டும் எந்த வகையிலும் சேரவில்லை. கும்பகோணத்தில் ஒரு சர்வே ஆபீசில் வேலை. ஊர் வலங்கைமானுக்குக் கிழக்கே ஒரு சின்ன கிராமம். கையில் இருந்த பணத்துக்கு இரண்டு கார்டுகள் தோதாக இருந்தன. போட்டிக் கம்பெனிகள் இரண்டு. ஒன்றின் பெட்டி பச்சை, மற்றதன் பெட்டி சிவப்பு. இணையத்தில் படித்துப் படித்துக் குழம்பிப் போயிருந்தாள். பாதிப்பேர் பச்சையை வாங்கு என்கிறார்கள், பாதிப்பேர் சிவப்பை வாங்கு என்கிறார்கள். ஒருமுறை வந்து இரண்டையும் பார்த்துவிட்டு வாங்காமல் போனாள். மறுபடியும் வந்து அதே இரண்டையும் எடுக்கச் சொன்னாள்.

"ரெண்டுல எது நல்லதுக்கா?"

"எதுக்கு வாங்குறீங்கன்னு சொல்லுங்க. அப்பத்தான் என்னால சொல்ல முடியும்" என்றாள் சபிஹா.

பூவிழி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அவர்கள் தெருவிலும் அதற்குக் கிழக்கே உள்ள வயல்களிலும் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். சம்பாப் பயிர் அழுகிப்போகும். வருஷா வருஷம் வடிகாலைத் தூர் வாருகிறார்கள். ஆனாலும் தண்ணீர் வடிவதில்லை. அவளுடைய அப்பா அண்ணாதுரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாக ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், நிலம் வாங்கியவர். அந்த நிலமும் அந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறது. தரையின் மட்டத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று பூவிழிக்கு ஒரு சந்தேகம். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தபோது, லீவு நாட்களில் லெவல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக அலைந்து உயரம் அளந்து அடையாளம் வைத்தாள். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் ட்ரோனை வாடகைக்கு வாங்கி, ஊரையே மேலிருந்து ஆயிரக்கணக்கான படங்களாக எடுத்தாள். அந்தப் படங்களைச் சேர்த்து ஊரின் மேடு பள்ளத்தைக் கம்ப்யூட்டரில் எழுப்ப வேண்டும். ஆபீஸ் மிஷினில் சொந்த வேலை பார்க்கக் கூடாது. அவளுடைய லேப்டாப்போ திணறுகிறது.

சபிஹா இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்து விளக்கினாள். பச்சைப் பெட்டியில் இருப்பது புதிதாக வந்தது, வேகம் அதிகம், ஆனால் மெமரி எட்டு ஜிபிதான். சிவப்புப் பெட்டியில் இருப்பது கொஞ்சம் பழசு. இந்த மாதிரி வேலையில் மெதுவாகத்தான் போகும், ஆனால் மெமரி பதினாறு ஜிபி. சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, இந்தப் பெண்ணின் வேலைக்கு எது உதவும் என்று தனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலையை யாரும் அவளிடம் கொண்டுவந்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை படத்தை எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. ரெண்டையும் போட்டே பாத்துடுவோம்" என்றாள்.

பெட்டியைப் பிரித்தால் அப்புறம் எப்படி விற்பீர்கள் என்று பூவிழி கேட்டாள். மிச்சமாகும் கார்டை முழு கம்ப்யூட்டர் செட்டோடு சேர்த்து, விவரத்தைச் சொல்லியே விற்றுவிடலாம் என்று சபிஹா சமாதானம் சொன்னாள். உண்மையில் அவளுக்குமே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூவிழி ஹார்ட் டிஸ்கோடு வந்தாள். முதலில் பச்சைப் பெட்டிக் கார்டு. மாட்டியதும் அது பாய்ந்து ஓடியது. படத்தோடு படம் பொருத்துகிற வேலை, இரண்டு பேரும் டீ குடித்து முடிப்பதற்குள் பாதிக்கு வந்துவிட்டது. இதுதான், இதையே பேக் பண்ணிவிடலாம் என்று சபிஹா மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிலமாக எழுப்புகிற கட்டம் வந்ததும், மெமரி போதவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. படங்களின் அளவைக் குறைத்து ஓட்டினார்கள். மறுபடியும் நின்றது.

ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டினால் என்ன என்று சபிஹா கேட்டாள். அப்படி லேப்டாப்பில் ஓட்டியதைப் பூவிழி திறந்து காட்டினாள். ஒவ்வொரு துண்டும் தட்டையாகத்தான் இருந்தது. ஒன்று ஒரு பக்கம் துளி சாய்ந்திருந்தது, அடுத்தது வேறு பக்கம். சேர்த்து வைத்தால் ஓரங்கள் பொருந்தவில்லை.

"மேடு பள்ளம்னு பாத்தா ஒரு முழம்கூட வராதுக்கா. துண்டாப் பாத்தா ஒண்ணும் தெரியாது. முழுசா வந்தாத்தான்."

அதைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பெட்டிக் கார்டை மாட்டினார்கள். அது ஊர்ந்தது. சபிஹா கொண்டுவந்திருந்த சாப்பாட்டை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். சபிஹா மதியத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள், முடிந்த வேலையின் அளவு கொஞ்சமே நகர்ந்திருந்தது. மின்விசிறியின் சத்தத்தைத் தவிரக் கடையில் வேறு சத்தமில்லை. பூவிழி திரையைப் பார்க்கவே பயந்தவள் போல ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். எந்த நிமிஷமும் இதுவும் நின்றுவிடும் என்றுதான் சபிஹா எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது.

திரையில் ஊர் வந்தது. கூரைகள், தென்னைகள், பள்ளிக்கூடம், கோடை உழவு உழுத வயல்கள், நடுவே ரோடு. ஓரங்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் சரி, ஆனால் நிலம் பாய் விரித்தது போலத்தான் கிடந்தது. இதற்குத்தானா ஒரு நாள் பூராவும் உட்கார்ந்திருந்தோம் என்று சபிஹா நினைத்தாள். பூவிழி உயரத்தை மட்டும் இருபது மடங்கு பெருக்கினாள். மேட்டுக்கு மஞ்சள், பள்ளத்துக்கு நீலம் என்று நிறம் கொடுத்தாள்.

நிறம் மேற்கிலிருந்து கிழக்காகப் பரவியது. அப்போது வயல்களுக்கு அடியிலிருந்து ஒரு ஆறு எழுந்து வந்தது.

வரைபடத்தில் இல்லாத ஆறு. ஊரின் மேற்கு மூலையில் நுழைந்து, வரப்புகளையும் ரோட்டையும் சட்டை செய்யாமல் வளைந்து, பூவிழியின் தெருவுக்கு அடியிலேயே அகலமான ஒரு திருப்பம் திரும்பி, அண்ணாதுரையின் நிலத்தைக் கடந்து கிழக்கே போனது. இரண்டு கரையும் மஞ்சளாக எழும்பி நின்றன. திருப்பத்தின் உள்பக்கம் மணல் திட்டு ஒதுங்கியிருந்ததுகூடத் தெரிந்தது. யாரோ நேற்றுவரை ஓடிய ஆற்றின் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டது போலிருந்தது.

சபிஹா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "சுப்ஹானல்லாஹ்" என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. எவ்வளவு காலம் அது அங்கே கிடந்திருக்கும்? அதன்மேல் எத்தனை பேர் உழுது, நட்டு, அறுத்திருப்பார்கள்? அந்த வழியாகப் பஸ்ஸில் அவள் எத்தனை தடவை போயிருக்கிறாள். எவனோ விளையாட்டில் சுடுவதற்கென்று அவள் விற்றுக்கொண்டிருந்த ஒரு கார்டுக்குள்ளிருந்து இது வருகிறது.

"எந்த ஆறுக்கா இது?" என்று பூவிழி கேட்டாள்.

"தெரியலையே பூவிழி" என்றாள் சபிஹா.

பூவிழி அப்பாவைப் போனில் கூப்பிட்டு, நம் தெருவுக்குக் கீழே ஒரு ஆறு இருக்கிறது என்று சொன்னாள். அண்ணாதுரை, வயலில் போர் போட்டபோது களிமண்ணுக்குக் கீழே ஆற்று மணலாக வந்ததையும், அதில் கிளிஞ்சல் கிடந்ததையும் சொன்னார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம்.

பூவிழி சிவப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

பிறகு நடந்ததை அவள் அவ்வப்போது போனில் சொல்லிவந்தாள். படத்தைப் பஞ்சாயத்தில் காட்டினாள். இருக்கிற வடிகால் பழைய ஆற்றின் கரைமேட்டின் மேலேயே நேராகப் போகிறது. பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் எப்படி மேடேறி அதற்குள் போகும் என்று கேட்டாள். வந்து பார்த்த இன்ஜினியர் முதலில் நம்பவில்லை. தானே நான்கைந்து இடத்தில் லெவல் வைத்துப் பார்த்தபின் சரியென்றார். ஆற்றின் போக்கிலேயே புது வடிகால் வெட்டலாம், ஆனால் அது சிலரது வயல் வழியாகப் போகும். அங்கேதான் இழுபறி. ஆடி முழுக்கப் பேச்சு நடந்தது. கடைசியில் அண்ணாதுரை தன் ஐந்து மாவிலிருந்து ஒரு பட்டையை முதலில் விட்டுக் கொடுத்தார். அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். ஆவணியில் நூறு நாள் வேலையில் வடிகாலை வெட்டி முடித்தார்கள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் காலை பூவிழி கூப்பிட்டு, "வாங்கக்கா, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள். சபிஹா கடையைப் பூட்டிவிட்டு வலங்கைமான் பஸ் ஏறினாள். அங்கே பூவிழி ஸ்கூட்டியோடு காத்திருந்தாள்.

தூறல் விடவில்லை. ரோட்டில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. எது மேடு, எது பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சபிஹாவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பூவிழி அவளைத் தெருக்கோடிக்கு அழைத்துப்போனாள். அங்கே செந்நிறத் தண்ணீர் புது வடிகாலில் இறங்கிச் சத்தம் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்க வயல்களிலிருந்தும் வரப்பில் வெட்டிய வாய்மடை வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. கொஞ்சதூரம் போய் அது இடப்பக்கம் வளைந்தது. சபிஹா கூடவே நடந்தாள். திரையில் பார்த்த அகலமான அந்தத் திருப்பத்துக்கு அவள் கால்கள் முன்கூட்டியே திரும்பின. இந்த வழியில் அவள் இதற்கு முன் நடந்ததேயில்லை.

குடையை மடக்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நனைந்துகொண்டே நின்றாள். எதிர்க்கரையில் அண்ணாதுரை மண்வெட்டியை ஊன்றி நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யார் வீட்டு வாசலிலும் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாதுரை பாலம் வழியாகச் சுற்றி இந்தப் பக்கம் வந்து சபிஹாவுக்கு வணக்கம் சொன்னார்.

"ரொம்ப நேரமா நனையிறீங்க. வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் போகலாம்."

வருகிறேன் என்றாள் சபிஹா. ஆனால் பூவிழி வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.