ஆயிரத்து முந்நூறு கிராம்

பல் விளக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை நான் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் வந்தார்.

"என்ன பண்றே?"

"எடையைக் குறைக்கிறேன்."

"பிரஷ்ஷுக்கா?"

"ஆறு கிராம்."

மேஜையில் தராசு. பக்கத்தில் சட்டைகளிலிருந்து வெட்டிய லேபிள்கள், பாதியாக்கிய சீப்பு, வால் அறுந்த துண்டு. மனுஷர் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அந்த வாயை இங்க விட்டுட்டுப் போனா ரெண்டு கிலோ குறையுமே" என்றார். சொல்லிவிட்டு ஓடிவிட்டார், அவ்வளவு தைரியசாலி.

நான் பார்சல் கவுண்டரில் வேலை செய்கிறேன். இருபத்தி நான்கு வருஷம். பொட்டலத்தைக் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவேன். மெஷின் அதற்குப் பிறகுதான் சொல்லும். பத்து கிராமுக்கு மேல் தப்பியதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் என்னைச் சோதித்துப் பார்த்து மூக்கறுபட்டுப் போவது எங்கள் ஆபீஸில் வழக்கம். இந்தப் பெருமையை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் இதனால்தான் எனக்கு மானம் போகப்போகிறது.

அந்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் சிட்டு. சிட்டு என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள். பிசியோதெரபிஸ்ட். ஊரில் பாதிப் பேருடைய முழங்காலை மடக்கி நீட்டியே பிழைக்கிறவள். அவள் ஃபோன் செய்து, "அண்ணி, உங்க சின்னதும் ஹாஸ்டலுக்குப் போயாச்சு. இனிமே என்ன சாக்கு? நெடும்பாதைக்குப் போலாமா? விட்ட எடத்தை முடிச்சிட்டு வந்துரலாம்" என்றாள்.

நெடும்பாதை என்பது மலை மேலேயே போகிற நடைபாதை. நூற்று நாற்பது கிலோமீட்டர், ஏழு நாள். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு மரக்குடில், ஏழாம் நாள் முடிவில் ஒரு கல்தூண். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் சிட்டுக்கும் இதுதான் பைத்தியம். வருஷத்துக்கு ஒரு பாதை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாதையில் ஆறாவது குடில் வரை போனோம். அங்கே சிட்டுவின் முழங்கால் மக்கர் பண்ணியது. இருபது கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது இறங்கி வந்தோம். அத்தோடு விட்டதுதான். பிள்ளைகள், பரீட்சை, மாமனார் ஆபரேஷன் என்று காலம் ஓடிவிட்டது.

"போலாம்டி!" என்று கத்தினேன். ஃபோனை வைத்த அடுத்த நொடி ஏன் ஒத்துக்கொண்டோம் என்று ஆகிவிட்டது.

ஏனென்றால் அந்த முழங்காலைக் கெடுத்தது நான்.

அந்தத் தடவை முதல் நாள் மதியம் ஓர் ஓடைக்கரையில் சிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என் காலடியில் ஒரு கல் கிடந்தது. உருண்டையாக, வழவழவென்று, நடுவில் வெள்ளைக் கோடு போட்டு. கையில் எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூறு கிராம். எந்தப் பிசாசு பிடித்ததோ, அதை அவள் பையின் அடியில் செருகிவிட்டேன். சாயங்காலம் "அண்ணி, தோள் போச்சு" என்று அழுவாள், எடுத்துக் காட்டிச் சிரிக்கலாம் என்று நினைப்பு. சாயங்காலம் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இன்னிக்குப் பை லேசா இருக்கு அண்ணி." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரு, நாளைக்கு அழுவே என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அழவில்லை. நான்காம் நாள் எனக்கே மறந்துபோனது. ஆறாம் நாள் குடில் வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கும் அந்தத் தடவை குதிகால் இரண்டும் உரிந்திருந்தன. கொஞ்சம் ரத்தம். புது ஷூ என்றால் கடிக்கத்தான் செய்யும், அதையெல்லாம் ஒரு பேச்சாக எடுக்கிறவள் இல்லை நான். என் நினைப்பெல்லாம் அவள் முழங்காலில்தான். அப்போது எப்படிச் சொல்வேன், உன் பையில் நான் கல்லைக் கட்டி அனுப்பினேன் என்று? வீட்டுக்குப் போய்ப் பையைக் கொட்டும்போது அவளே பார்ப்பாள், வந்து என்னைக் கிழிப்பாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. பார்த்தாளா, பார்த்தும் பெரிய மனசு பண்ணி மூடிக்கொண்டாளா, ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்து அவளை மட்டும் திட்ட நான் வாயே திறந்ததில்லை. என் வாய்க்குப் பயப்படாத ஆள் குடும்பத்தில் கிடையாது. அவள் என் பட்டுப்புடவையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பொசுக்கியபோதுகூட "பரவாயில்லம்மா" என்றேன். வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சிட்டுவும் லேசுப்பட்டவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி அடித்தால் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்துவிடுவாள். என் காலைத் தன் மடியில் வைத்துக் குதிகாலிலிருந்து முழங்கால் வரை நீவிவிடுவாள். பதினாலு வருஷமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. நாத்தனாரும் அண்ணியும் இப்படியும் இருப்பார்களா என்று சொந்தக்காரர்கள் வயிறெரிவார்கள். அவள் என் காலைப் பிடித்துவிடும்போதெல்லாம் எனக்குக் கூசும். எனக்கென்று ஒரு தோழி உண்டு என்றால் அது அவள்தான். அவளிடமே ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது குடிலுக்கு முன்னால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்ன பிறகு என்னோடு பேசுவாளோ, ஞாயிற்றுக்கிழமை வருவாளோ, அது அவள் இஷ்டம்.

முதல் நாள் காலை பாதை தொடங்குகிற இடத்தில் பையை மாட்டினேன். அடடா! அந்த இடுப்புப்பட்டை 'டக்' என்று பூட்டிக்கொள்கிற சத்தம்! கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐம்பது வயதுப் பொம்பளை, இடுப்புப்பட்டைக்கு அழுகிறேன். சிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டோம். அரைக் கிலோமீட்டர் போன பிறகு ஒரு கார் நிறுத்துமிடம் வந்தது.

"வழிகாட்டுறேன்னு சொன்னது யாருடி?"

"நீங்கதான் அண்ணி."

உடம்பு எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. மூச்சு இரண்டாம் நாளே பழகிவிட்டது. முழங்காலைவிடச் சிட்டுவின் வாய்தான் அதிகம் வேலை செய்தது. நனைந்த சாக்ஸைப் பையின் வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, ரொட்டியும் கடலையும் மென்றுகொண்டு, எதிரே வருகிற அந்நியர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு நடந்தோம். மூன்றாம் நாள் உச்சியில் காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. "எம்பத்தஞ்சு கிராம் குறைஞ்சுது!" என்று சிட்டு கைதட்டினாள். நான் சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றுதான் புரியவில்லை. கிளம்பும் முன் ஆபீஸ் மெஷினில் பையை வைத்துப் பார்த்திருந்தேன்: பத்தரை கிலோ. போன தடவையும் அதே பத்தரை. ஆனால் அப்போது தோள் அறுந்துவிடும் போல இருந்த பை, இப்போது பஞ்சாக இருந்தது.

"பாத்தியா, எனக்கு வயசாக ஆக வலு கூடுது" என்று பீற்றிக்கொண்டேன்.

சிட்டு ஏனோ குனிந்து கட்டியிருந்த ஷூ லேஸையே மறுபடி கட்டினாள்.

தினமும் சொல்லிவிடப் பார்த்தேன். "சிட்டு, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் "உன் சாக்ஸ் நாறுது" என்று முடிப்பேன். ஐந்து நாளில் அவள் ஆறு தடவை சாக்ஸ் துவைத்தாள், பாவம்.

ஆறாம் நாள் மூன்று மணி வாக்கில் அந்தக் குடில் தெரிந்தது. அதே மரக்கதவு, அதே வாசல்படி. உள்ளே யாருமில்லை. ஜன்னலோரம் மேஜை, மேஜையில் வந்து போகிறவர்கள் எழுதுகிற நோட்டு, காற்றில் பக்கம் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல்.

உருண்டையாக. வழவழவென்று. நடுவில் வெள்ளைக் கோடு.

கையில் எடுத்தேன். மெஷின் தேவையில்லை. ஆயிரத்து முந்நூறு கிராம்.

வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய கல் இங்கே எப்படி? திரும்பினேன். சிட்டு கதவோரம் நின்றிருந்தாள், முகம் வெளிறிப்போய். கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, இதை உன் பையில வெச்சது நான்தான். ஓடைக்கிட்ட. விளையாட்டுக்கு வெச்சேன். உன் முழங்கால் போனது என்னாலதான். என்னைத் திட்டு, அடி, எதுவேணா பண்ணு." ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டேன். துண்டு எடுக்கும்போது."

"அப்புறம்?"

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அப்பவே... உங்க பையில வெச்சுட்டேன்."

கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டே போனேன்.

"எங்கே?"

"அடி ஜிப்புல. மழை உறைக்குக் கீழே. நீங்க கத்துவீங்க, எடுத்துக் காட்டிச் சிரிக்கலாம்னு நெனச்சேன். நீங்க 'எனக்கென்ன, பை பஞ்சு மாதிரி இருக்கு'ன்னு ரோஷமா நடந்தீங்க. மழையும் வரல. நீங்க அந்த ஜிப்பைத் தொறக்கவே இல்ல. ஆறாவது நாள் உங்க குதிகாலைப் பாத்தேன். சாக்ஸ் சதையோட ஒட்டிப்போயிருந்துச்சு. கல்லை எடுத்து இந்த மேஜையில வெச்சுட்டேன். ஆனா நீங்க நாளைக்கும் நடப்பேன்னு நின்னீங்க. உங்களை யாரு நிறுத்த முடியும்?"

"அப்போ உன் முழங்கால்?"

"அண்ணி, முழங்கால் வலி எங்க ஆரம்பிச்சு எங்க வரைக்கும் இழுக்கும்னு எனக்குத் தெரியாதா? அதுதான என் தொழிலே. அப்படியே நடிச்சேன்."

"அடிப்பாவி!"

நான் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த பறவை பறந்துவிட்டது. பத்து கிராம் வித்தியாசத்தைக் கையிலேயே சொல்கிறவள், ஆயிரத்து முந்நூறு கிராமை ஐந்து நாள் முதுகில் சுமந்திருக்கிறேன், தெரியாமல்! இதுமட்டும் ஆபீஸில் தெரிந்தால் நான் மெஷினைத் துடைக்கத்தான் லாயக்கு. பதினாலு வருஷமாக நான் விழுங்கிய வசவையெல்லாம் அங்கேயே நின்று கக்கினேன். பட்டுப்புடவை, இரவல் வாங்கித் தொலைத்த குடை, என் பிறந்தநாளையே மறந்துபோனது, ஒன்று விடவில்லை. அவளும் சளைக்கவில்லை. "கல்லை மொதல்ல வெச்சது யாரு?" என்று எகிறினாள். என் சமையலில் உப்பே இருக்காது என்றாள். பதினாலு வருஷம் தட்டை வழித்துச் சாப்பிட்டவள்!

எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை, நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. தரையில் உட்கார்ந்து விலா வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

"சிட்டு, அப்போ ஞாயித்துக்கிழமை எண்ணெய்?"

அவள் கண்ணைத் துடைத்தாள். "அந்தக் குதிகாலைப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே வரல அண்ணி. அதான் வந்தேன்."

பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது பரிகாரம்தானா என்று உள்ளே ஒரு குத்து குத்தியது. நான் மட்டும் என்ன யோக்கியம்? என் பொறுமையும் அதே சரக்குதானே.

கல்லை நோட்டின் மேலேயே வைத்துவிட்டோம். அந்தக் குடிலுக்கு அது வேண்டும், காற்று அப்படி அடிக்கிறது. மறுநாள் கடைசி இருபது கிலோமீட்டரை வழிநெடுகச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம். அவ்வளவு சுகமான சண்டையை நான் போட்டதே இல்லை. உட்காருகிற இடத்திலெல்லாம் இரண்டு பேரும் முதலில் அடி ஜிப்பைத் திறந்து பார்த்தோம். மாலையில் கல்தூணைத் தொட்டோம். அங்கேயும் ஒரு நோட்டு இருந்தது. 'எத்தனை நாள்' என்ற கட்டத்தில் சிட்டு ஏழு என்று எழுதப் போனாள். பென்சிலைப் பிடுங்கி, 'பதினாலு வருஷம்' என்று எழுதினேன். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஊளையிட்டோம். நல்லவேளை, பார்க்க யாருமில்லை.

வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை ஒன்பது மணி அடித்தது. சிட்டு வரவில்லை.

ஒன்பதே கால். வீட்டுக்காரர் பேப்பருக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்ன, வாசலையே பாக்கறே?" என்றார். "கொசு" என்றேன். இனி அவள் ஏன் வர வேண்டும்? கணக்குத் தீர்ந்துவிட்டது. எனக்குக் காலைவிட நெஞ்சுதான் அதிகம் வலித்தது.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. சிட்டு உள்ளே வந்தாள், நொண்டி நொண்டி. சோபாவில் என் பக்கத்தில் தொப்பென்று விழுந்தாள். எண்ணெய்ப் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு காலையும் தூக்கி என் மடியில் போட்டாள்.

"இன்னிக்கு உங்க முறை அண்ணி. குதிகால் பிச்சு எடுக்குது."

"வெட்கமே இல்லடி உனக்கு! இதுக்கு அரை மணி நேரம் லேட்டு வேறயா?" என்று வீடு அதிரக் கத்தினேன். கத்திக்கொண்டே மூடியைத் திறந்தேன்.