மாதா கோயில் திருப்பத்தில் வாத்து வண்டி

எண்பத்திரண்டாம் வருஷம் டன்லப் ஸ்திரீட் ஒலி முகம்மது கடையில் தேநீர் வியாபாரம் கூடியதற்குத் தேநீர் காரணம் இல்லை. கடையின் பின்பக்கம் ஒரு வீடியோ கேம் வந்து இறங்கியிருந்தது. டிவியில் கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த வாத்துக் குடும்பம் கார்ட்டூனை வைத்துச் செய்தது. உட்கார ஒரு சீட்டு, ஒரு ஸ்டியரிங், இடது கைக்குக் கியர், காலுக்குப் பெடல். இருபது காசு போட்டால் வாத்து அப்பாவின் மஞ்சள் காரில் ஊரைச் சுற்றலாம். மூன்று தடவை மோதினால் ஆட்டம் முடிந்தது. வாத்து அம்மா ஓடிவந்து அப்பா மண்டையில் கரண்டியால் ஒரு போடு போடுவாள். அதைப் பார்ப்பதற்காகவே மோதிய பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், கேட்டால் சொல்வேன்.

இதில் அல்போன்சம்மாள் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. நாற்பத்தைந்து வயது. பாலர் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. வேன் ஓட்டும் கோவிந்தசாமி மாதக் கடைசியில் வேலையை விட்டு மகளோடு சிரம்பானுக்குப் போகிறார். "அதுக்குள்ள லைசென்ஸ் எடுத்தா வேன் உங்களுக்குத்தான், இல்லாட்டி வேற ஆளு" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். டெஸ்டில் அவள் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது டெஸ்ட் இருபத்திரண்டாம் தேதி. அதை விட்டால் அந்த மாதம் வேறு தேதி கிடையாது.

இரண்டு தடவை ஃபெயிலானவளுக்கு இருக்க வேண்டிய முகம் அவளிடம் இல்லை. ஏற்கெனவே பாஸாகி, பேப்பர் மட்டும் தபாலில் தாமதம் என்பது போல நடப்பாள்.

"இது வெளையாட்டு சாமான்லா அக்கா," என்றார் ஒலி முகம்மது.

"ஸ்டியரிங் வட்டமாத்தானே இருக்கு? நீங்க சில்லறையை எடுங்க தம்பி."

உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் ஓட்டினாள். சந்தையில் ஒரு கூடையைத் தட்டவில்லை. போலீஸ் வாத்துக்கு வழி விட்டாள். ஆனால் கார்ட்டூனில் வாத்து அப்பா ஞாயிறுதோறும் தூங்கி வழிவாரே, அந்த மாதா கோயில் திருப்பம் வந்ததும் டமார். அடுத்த சுற்று, அதே இடம், டமார். மூன்றாவதும் அங்கேதான். வாத்து அம்மா கரண்டியோடு வந்தாள். தேநீர் குடிக்க வந்த கப்பல் பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள்.

இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் கல்லாவில் இருந்த சம்சுன்னிசா, ஒலி முகம்மதின் மனைவி, எழுந்து வந்தாள். இந்தத் தெருவில் என்னைவிடக் கூர்மையான கண் அவளுக்கு மட்டும்தான்.

"அக்கா, நீங்க ரோட்டைப் பாருங்க. நான் ஒங்க கையைப் பார்க்கிறேன்."

வண்டி கிளம்பியது. கோபுரத்துச் சிலுவை திரையில் எட்டிப் பார்த்தது. டமார்.

"புடிச்சாச்சு!" என்றாள் சம்சுன்னிசா. "நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோளு. வலது கை நாலு எடம் ஊர்வலம் போயிட்டு வருது. எடது கை கியர்ல. அப்போ ஸ்டியரிங்க யாரு புடிச்சிருந்தா, வாத்தா?"

"நான் எங்கடி சிலுவை போட்டேன்?"

"எட்டு பேரு சாட்சி, அக்கா."

கடை முழுக்கச் சிரிப்பு. அல்போன்சம்மாள் சிரிக்கவில்லை. வலது கையை மடியில் வைத்து, அடுத்தவர் கை மாதிரிப் பார்த்தாள்.

"குவீன்ஸ்டவுன்ல டெஸ்ட் போற ரோட்டுல ஒரு கோயில் இருக்கு," என்றாள் மெதுவாக. "ரெண்டு தடவையும் அதைத் தாண்டினப்பதான் வண்டி ஓரத்துல ஏறிச்சு. கட்டுப்பாடு இல்லைன்னு எழுதிட்டாங்க. எனக்குப் பழக்கிக் கொடுத்தவரு ஸ்டேடியத்தைச் சுத்தித்தான் ஓட்டச் சொன்னாரு. அங்கே ஏது கோயில்?"

பஸ்ஸில் போகும்போது முப்பது வருஷமாகப் போட்ட சிலுவை, நிறுத்து என்றால் நிற்குமா? கையை ஸ்டியரிங்கோடு கட்டச் சொன்னார் ஒரு பட்டறைக்காரர். கோயில் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் ஒலி முகம்மது. கடையை மட்டும் நடத்தினால் போதும் என்று சம்சுன்னிசா அவருக்குச் சொன்னாள்.

வழியை அல்போன்சம்மாளே கண்டுபிடித்தாள். காசு போடுவதற்கு முன்னால், நிதானமாக, பெரிதாக ஒரு சிலுவை போட்டாள். "வழியில வர்ற எல்லாக் கோயிலும் இதுல அடக்கம்," என்று திரையைப் பார்த்து அறிவித்தாள். ஆனாலும் முதல் நாள் கை பாதி தூரம் போய்த் திரும்பியது. வண்டி தப்பியது. நான்காம் நாள் விரல் மட்டும் துடித்தது. ஒரு வாரத்தில் உதடு மட்டும் அசைந்தது. மஞ்சள் கார் கோயிலைத் தாண்டி, வாத்துகளின் கடற்கரை வரை போனது. அங்கே ஒரு கடற்கரை இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டாம் தேதி நடந்ததை அல்போன்சம்மாள் சம்சுன்னிசாவிடம் சொன்னாள், சம்சுன்னிசா என்னிடம் சொன்னாள். நான் எதையும் சேர்க்கவில்லை.

டெஸ்டர் வயதான யூரேஷியன், வெள்ளைக்காரக் கலப்பு. கிளம்புமுன் இவள் சிலுவை போட்டதை ஓரக்கண்ணால் பார்த்தார். கோயில் வந்தது. இவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள், உதடு மட்டும் அசைந்தது. பக்கத்து சீட்டில் ஒரு கை எழுந்தது. டெஸ்டர் பேனாவைப் பிடித்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியில் நீலமாக ஒரு கோடு விழுந்தது.

வண்டியை நிறுத்தியதும் கேட்டார். "நீயும் கத்தோலிக்கா? கோயிலைத் தாண்டும்போது ஒன்றும் போடவில்லையே?"

"அதுக்கும் சேர்த்துத்தான் கெளம்பும்போதே போட்டேன் சார். ரோட்டுல ரெண்டு கையும் வண்டிக்கு."

அவர் அதே பேனாவால் பாஸ் என்று எழுதினார். நெற்றிக் கோட்டைப் பற்றி இவளும் வாய் திறக்கவில்லை. விவரம் தெரிந்த பெண்.

அன்று சாயங்காலம் பேப்பரைக் கல்லாவில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டு, அல்போன்சம்மாள் போய் அந்த சீட்டில் உட்கார்ந்தாள். கோயில் திருப்பம் வந்தது. ஸ்டியரிங்கை விட்டாள். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள், கடைசியில் கைகூப்பல், ஒன்றும் குறையில்லாமல். டமார். மறுபடியும் அதே. மறுபடியும்.

வாத்து அம்மா கரண்டியை ஓங்கினாள்.

"நல்லா அடிடி," என்றாள் அல்போன்சம்மாள். "அடுத்த மாசத்துலேர்ந்து வேன் ஸ்டியரிங் என் கையில."